312 லிங்க்ஸ் என்பது எத்தனை மீட்டர்? கோத்தகிரிச் சரிவில் அளந்து பார்த்தது

கோத்தகிரியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய தேயிலைத் துண்டு ஒன்று உள்ளது. அதன் பழைய புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) உள்ள அளவுகள் எல்லாம் லிங்க்ஸிலும் (அளவைச் சங்கிலியின் கண்ணிகள்), இப்போதைய பட்டாவில் உள்ள பரப்பு ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்) கணக்கிலும் இருப்பதால், இரண்டையும் ஒத்துப்பார்க்கும் வேலையை விடுமுறை நாட்களில் செய்துவருகிறேன்.

தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்தேன். கல்லூரியில் கையாண்ட 100 அடிச் சங்கிலியை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு லிங்க் ஓர் அடி என்று கணக்கிட்டதில், கீழ் மூலைக் கல்லிலிருந்து மேல் கல் வரையிலான 312 லிங்க்ஸ் 95 மீட்டராக வந்தது. அவ்வளவு தூரம் நடந்தால் அடுத்தவர் தோட்டத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். வருவாய்த் துறையின் பழைய படங்களில் உள்ளது 66 அடி கொண்ட கண்டர் சங்கிலி. அதிலும் 100 லிங்க்ஸ்தான் என்றாலும், ஒவ்வொன்றும் 7.92 அங்குலம், அதாவது 0.201168 மீட்டர். ஆகவே 312 லிங்க்ஸ் 62.76 மீட்டர் ஆகிறது.

66 என்ற எண் விசித்திரமாகத் தோன்றினாலும், பரப்பைக் கணக்கிடும்போது அதன் அருமை தெரிகிறது. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதால், ஆயிரம் சதுர லிங்க்ஸ் சரியாக ஒரு சென்ட் ஆகிவிடுகிறது. படத்தில் ஒரு முக்கோணத்தின் அடிக்கோடு 312, அதற்குச் செங்குத்தான அளவு 140. பெருக்கிப் பாதியாக்கினால் 21,840, அதாவது 21.84 சென்ட். அதையே சென்டுக்கு 40.4686 சதுர மீட்டர் என்று மாற்றினால் 8.84 ஏர். 1620ஆம் ஆண்டுவாக்கில் எட்மண்ட் கண்டர் வகுத்த அந்தச் சங்கிலியின்மேல் எனக்கு இப்போது தனி மரியாதை.

ஆனால் 30 மீட்டர் டேப்பை வேலி ஓரமாகத் தரையோடு தரையாக இழுத்து அளந்தபோது 66.2 மீட்டர் வந்தது. கல் நகர்ந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் இரண்டு வாரம் கழிந்தது. நில அளவையில் செயின்மேனாக (சங்கிலி பிடிப்பவராக) இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். "தம்பி, மலையில சங்கிலியைத் தரையில போட்டு அளக்கக் கூடாது, மட்டமாப் பிடிக்கணும்" என்றார். புலப்படத்தில் உள்ளவை அனைத்தும் கிடைமட்ட நீளங்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. நேரான பலகையைச் சரிவில் வைத்து, அதன்மேல் கைப்பேசியின் சாய்வுமானியால் ஆறு இடங்களில் பார்த்ததில் சராசரி 18.5 பாகை, அதன் கொசைன் 0.948, 66.2 மீட்டர் 62.78 ஆகச் சுருங்கியது.

பிறகு பெரியவர் சொன்ன முறையிலும் அளந்தேன். மேல் கல்லில் தொடங்கி, மூன்று மூன்று மீட்டராக டேப்பை ரசமட்டம் பார்த்துப் பிடித்து, அதன் கீழ்முனையிலிருந்து தூக்குக் குண்டை இறக்கி, குண்டு தொட்ட இடத்தில் ஆணி அடித்துக்கொண்டே படிப்படியாக இறங்க வேண்டும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. காற்றில் குண்டு ஆடும், நீளமாகப் பிடித்தால் டேப் தொய்யும். கிடைத்தது 62.9 மீட்டர். 14 சென்டிமீட்டர் கூடுதல் என்பது ஒரு லிங்க்கைவிடக் குறைவு. தொய்வினால் வந்ததாகவே கருதுகிறேன்.

பெரியவர் சொன்ன இன்னொன்றையும் குறித்துவைக்கிறேன். சங்கிலியில் பத்து லிங்க்குக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். இரு முனையிலிருந்தும் எண்ணுவதற்காக 40க்கும் 60க்கும் ஒரே மாதிரியான நான்கு பல் வில்லை. அவசரத்தில் ஒன்றை மற்றதாகப் படித்து எழுதிவிடுவது அக்காலத்தில் வழக்கமான பிழையாம். என் படத்தில் கிழக்குப் பக்கத்து அளவு 260 என்றுள்ளது. ஆனால் நிலத்தில் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்தின் நீளம் 240 போலத் தெரிகிறது. அந்தப் பக்கம் முட்புதர் மண்டிக் கிடப்பதால், வெட்டி வழி செய்த பிறகுதான் குண்டைத் தூக்க வேண்டும்.