குமிழி நடுவில் நிற்கட்டும்

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மகளுக்காக ஒரு பெண் குதிரை வாங்கினேன். கத்தியவாரி இனக் கலப்பு, நாலு வயது. விற்றவர் டேப்பின் நுனியைக் குளம்புக்குப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு, தோளை ஒட்டியே மேலே இழுத்துக் காட்டினார். "அறுபது இன்ச்சுங்ணா, நீங்களே பாத்துக்கோங்க." சந்தையில் உயரத்தைச் சொல்லித்தான் விலை பேச்சே ஆரம்பிக்கும்.

எனக்கு அந்த அறுபதுதான் கவலை. மகள் போனி, அதாவது குட்டை ரகக் குதிரைப் பிரிவில் போட்டிக்குப் போக ஆசைப்படுகிறாள். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி, லாடம் இல்லாமல் 148 சென்டிமீட்டர், லாடத்தோடு 149. அதற்கு மேல் போனால் போனி இல்லை, குதிரை. அறுபது இன்ச் என்பது 152.4. ஆனால் கூட வந்த பயிற்சியாளர், "தோள் வளைவில் ஏறி வந்த டேப் சார், நேர் உயரம் இதைவிடக் குறையும்" என்றார். அவர் கண்ணை நம்பி முன்பணம் கொடுத்தேன்.

குதிரைக்கு உயரம் தலைவரைக்கும் கிடையாது. தலை ஏறும், இறங்கும். பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், சேணத்துக்குச் சற்று முன்னால், ஒரு எலும்பு மேடு இருக்கிறது. தரையிலிருந்து அந்த மேட்டின் உச்சிவரைதான் கணக்கு. ஆங்கிலேயர் வழக்கில் இதைக் 'கை' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கை 4 இன்ச். 14.2 என்றால் தசமம் அல்ல, 14 கையும் 2 இன்ச்சும், அதாவது 58 இன்ச். 14.3-க்கு அடுத்தது 15 தான்.

முதல் முறை எங்கள் கொட்டகையிலேயே அளந்தோம். நிமிர்ந்த கோல், அதில் ஏறி இறங்கும் குறுக்குச் சட்டம், சட்டத்தின் மேல் கொத்தனார் வைத்திருப்பது போல ஒரு ரசமட்டம். கோலைப் பார்த்ததுமே குதிரைப் பெண் மிரண்டாள். தலையைத் தூக்கி, மூக்குத் துவாரம் விரிய, உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றாள். 150.5 வந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பயிற்சியாளர் அசரவில்லை. குதிரைக்குக் காறை எலும்பு இல்லை, முன்னங்கால்களுக்கு நடுவே உடம்பு தசைகளால்தான் தொங்குகிறது, பயந்தால் தசை இறுகி அந்த மேடே உயரும் என்று விளக்கினார். தூளியின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தால் நடுப்பகுதி மேலே வருமே, அப்படி. அதோடு எங்கள் தரை மண்தரை, முன்புறம் சரிவு வேறு.

அப்புறம் ஒரு வாரம் மகளுக்கு அதுதான் வேலை. தினமும் சாயங்காலம் கோலைக் குதிரையின் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கொஞ்சம் கொள்ளு கொடுப்பாள். முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு விலகினாள். நாலாம் நாள் குறுக்குச் சட்டத்தை முதுகில் வைத்தாலும் கொள்ளிலேயே கவனமாக இருந்தாள்.

லாடம் மாற்றும் நாள் வந்தது. பழையதைக் கழற்றி, குளம்பைச் சீவி, புது லாடம் அடிப்பதற்கு முன்னால் அவளைச் சிமெண்ட் தரைக்கு நடத்திப் போனோம். முன்னங்கால் இரண்டும் ஒரே கோட்டில், செங்குத்தாக. தலை தொங்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. மகள் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். பயிற்சியாளர் சட்டத்தை மெதுவாக இறக்கினார். குமிழி வலப்பக்கம் ஓடியது, திரும்பியது, நடுக்கோட்டுக்குள் அசையாமல் நின்றது. குதிரைப் பெண் ஒரு பெருமூச்சு விட்டாள், விலா இறங்கியது. மேடு அப்போதுதான் சட்டத்துக்கு இயல்பாக வந்து பொருந்தியது.

147.2.

மூன்று முறை அளந்தோம். மற்ற இரண்டும் 147.4, 147.2. சேணமும் இந்த முதுகுக்குப் பார்த்துச் சொல்லியாகிவிட்டது. நாலு வயதுக் குதிரை இன்னும் கொஞ்சம் வளர இடம் உண்டு. அதனால் வரும் ஆடியில் இதே சிமெண்ட் தரையில், லாடம் கழற்றிய அன்றைக்கே திரும்ப அளக்கப் போகிறோம். கோல் இப்போது கொட்டகைச் சுவரிலேயே சாய்ந்திருக்கிறது.