47-வது நாளில் போட்ட மேல்முறையீடு

ஓர் ஏரியைப் பாதிக்கும் திட்டத்துக்குத் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் நாங்கள் போட்ட மேல்முறையீட்டுக்கு ஒருவழியாக எண் விழுந்துவிட்டது. 30 நாளுக்குள் போட்டிருக்க வேண்டியதை 47-வது நாளில் போட்டோம். அந்த 17 நாள் எப்படிக் கைநழுவியது என்பதைச் சுற்றுச்சூழல் அமைப்புகளில் சட்ட அலுவலராக இருப்பவர்களும், சேரப் போகிறவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. அந்தத் திட்டத்தால் ஏரிக்கு என்ன ஆகும் என்று இன்னும் ஒரு வார்த்தைகூட வாதிடவில்லை. இதுவரை செலவான உழைப்பு முழுக்கத் தேதிக்கும் கையெழுத்துக்கும்தான் போயிருக்கிறது.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2010-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், பிரிவு 16: சுற்றுச்சூழல் அனுமதி தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 90-ஐத் தாண்டினால் தீர்ப்பாயமே விரும்பினாலும் மன்னிக்க அதிகாரம் இல்லை. சுற்றுச்சூழல் தகராறு மனுக்களுக்கான பிரிவு 14-இன் 6 மாதக் கெடுவை மனதில் வைத்துக்கொண்டு பிரிவு 16-க்கு வருகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

‘தெரிவிக்கப்பட்ட நாள்’ எது என்பதில்தான் நாங்கள் தவறினோம். நகல் நம் கைக்கு வந்த நாள்தான் அது என்று கணக்குப் போட்டோம். அது தப்பு. ‘சேவ் மோன் ரீஜன் ஃபெடரேஷன்’ வழக்கில் 2013-இல் தீர்ப்பாயம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அனுமதியை மக்களுக்குத் தெரியப்படுத்தும் கடமை சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் உண்டு, திட்டக்காரருக்கும் உண்டு. இப்படிக் கடமை உள்ளவர்களில் யார் முதலில் அதை முழுமையாகச் செய்து முடிக்கிறாரோ, அந்த நாளிலிருந்து கெடு தொடங்கும். ஆகவே அனுமதிகளை வெளியிடும் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் ஏறிய தேதி, நாளிதழ் விளம்பரத் தேதி, ஊராட்சிக்கு நகல் போன தேதி என மூன்றையும் தனித்தனியாக எழுதி, முந்தியது எதுவோ அதைப் பிடிக்க வேண்டும்.

எங்களுக்கு முந்தியது நாளிதழ் விளம்பரம். அனுமதி கிடைத்த 7 நாட்களுக்குள் உள்ளூரில் பரவலாக விற்கும் இரண்டு நாளிதழ்களில், ஒன்றாவது வட்டார மொழியில், திட்டக்காரர் விளம்பரம் தர வேண்டும் என்று அனுமதிக் கடிதத்திலேயே நிபந்தனை இருக்கும். அந்த விளம்பரத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. 31-வது நாள்தான் ஊராட்சி உறுப்பினர் ஒருவர் எடுத்து வைத்திருந்த பழைய தாளில் கண்ணில் பட்டது. உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கு நடுவே, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கட்டம். அனுமதி வழங்கப்பட்டது, நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் இணையதளத்திலும் கிடைக்கும், அவ்வளவுதான். நிபந்தனைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது அந்தக் குறைதான்.

அதற்கு முன்பே 21 நாள் ஓர் உறைக்குள் போய்விட்டது. 8-வது நாள் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அனுமதிக் கடிதமும் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் கேட்டு, அமைப்பின் லெட்டர்ஹெட்டில், அமைப்பின் பெயரில் மனு அனுப்பினோம். 29-வது நாள் திரும்பி வந்தது. பதில் ஒரே வரி: பிரிவு 3-இன்படி குடிமக்கள் மட்டுமே கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் முதல் மேல்முறையீட்டில் இதை எதிர்த்து வாதாடலாம். ஆனால் 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வாதத்தில் ஜெயித்து என்ன பயன்? தனிநபர் பெயரில், வீட்டு முகவரியில், வெள்ளைத்தாளில், 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்புங்கள். பதவிப் பெயரும் முத்திரையும் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அனுமதிக் கடிதத்துக்காகத் தகவல் மனுவே தேவையில்லை. அது பரிவேஷ் தளத்தில் இருந்தது; எடுத்து அச்சிட்டிருந்தால் முடிந்திருக்கும். தகவல் மனுவை இணையத்தில் இல்லாதவற்றுக்கு வையுங்கள்: கருத்துக் கேட்புக் கூட்டத்தின் முழு வீடியோ, மக்கள் எழுதிக் கொடுத்த ஆட்சேபங்கள், கள ஆய்வு அறிக்கை, கோப்புக் குறிப்புகள். பிரிவு 2(ஜெ)-இன்படி கோப்பை நேரில் பார்வையிடவும் அதே மனுவிலேயே கேட்டுவிடுங்கள். எந்த நகல் வேண்டும் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

ஊராட்சிப் பக்கமும் இரண்டு பயணம் வீணானது. அனுமதி நகலை உள்ளாட்சித் தலைவரிடம் திட்டக்காரர் தர வேண்டும், பெற்ற நாளிலிருந்து 30 நாள் உள்ளாட்சி அதைப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. பலகையில் எதுவும் இல்லை. ‘ஒட்டவில்லை என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டோம். எந்த அலுவலரும் தன் தவறைத் தானே எழுதிக் கொடுக்கமாட்டார். முதல் தடவை தலைவர் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்க வேண்டிய கேள்வியே வேறு. தபால் வரவுப் பதிவேட்டில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரையிலான பக்கங்களின் சான்றிட்ட நகல் கேளுங்கள். நகல் வந்திருந்தால் வரிசை எண்ணோடு பதிவு இருக்கும். வரவில்லையென்றால் அந்தப் பக்கங்களே சாட்சி.

31-லிருந்து 47 வரையிலான நாட்கள் எங்கள் சொந்தத் தவறுகளுக்குப் போனவை. எங்கள் அமைப்பு அறக்கட்டளையாகப் பதிவானது. முதல் வரைவில் மேல்முறையீட்டாளர் என்று அறக்கட்டளையின் பெயரை மட்டும் போட்டிருந்தோம். அறக்கட்டளை தன் பெயரில் வழக்காட முடியாது, அறங்காவலர்தான் வர வேண்டும். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் பிரிவு 2-இல் ‘நபர்’ என்பதன் விளக்கத்தைப் படித்தாலே போதும்: அங்கே இருப்பது ‘அறக்கட்டளையின் அறங்காவலர்’. அதற்குத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும். ஓர் அறங்காவலர் வெளியூரில். 6 நாள் போயிற்று. இந்த வழக்குக்கு மட்டும் என்றில்லாமல், இன்ன வகை உத்தரவுகளை எதிர்த்து வழக்குப் போடவும், வக்காலத்திலும் பிரமாணப் பத்திரத்திலும் கையெழுத்திடவும் இன்னாருக்கு அதிகாரம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பொதுத் தீர்மானம் போட்டு வையுங்கள். பெயரோடு மாற்று ஆளின் பெயரும் இருக்கட்டும்.

சட்ட அலுவலரே கவுன் போட்டுக்கொண்டு நிற்கலாமே என்று அமைப்புகளில் அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. இந்திய பார் கவுன்சில் விதி 49-இன்படி முழுநேரச் சம்பள ஊழியர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக்கூடாது; வேலையில் சேரும்போது பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். சதீஷ் குமார் சர்மா வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஒப்பந்தத்தில் ‘ஆலோசகர்’ என்று எழுதிவிட்டு மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பிடித்தம், விடுப்புக் கணக்கு என்று நடத்தினால் அது சம்பள வேலைதான். நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால் முதலிலேயே தொழில்முறைக் கட்டணத்துக்கு வேலை செய்யும் ஏற்பாட்டுக்குப் போய்விடுங்கள். முழுநேரம் என்றால் வரைவு, ஆவணம், சாட்சி, வெளி வழக்கறிஞருக்கு விளக்கம் ஆகியவைதான் உங்கள் வேலை. வக்காலத்து எப்போதும் வெளி வழக்கறிஞர் பெயரில்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு எச்சரிக்கை: வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியப் பாதுகாப்பு, நிறுவனத்தின் சம்பள வழக்கறிஞருக்குக் கிடையாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கின் பலவீனங்களை உள் மின்னஞ்சலில் விரிவாக எழுதி வைக்காதீர்கள். வெளி வழக்கறிஞரிடம் ஆலோசனையாகக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பில் 7 நாள் போனது. தீர்ப்பாயத்தின் மொழி ஆங்கிலம். கருத்துக் கேட்புக் கூட்டத்தின் குறிப்பு, மக்கள் கொடுத்த மனுக்கள், பட்டா, அடங்கல், நாளிதழ் விளம்பரம் எல்லாமே தமிழ். ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பும், அது சரியானதே என்ற சான்றும் வேண்டும். கையெழுத்து மனுக்களைப் படிப்பதற்குள் கண் வலித்துவிட்டது. மொழிபெயர்ப்பை வழக்கறிஞர் கேட்ட பிறகு தொடங்கக்கூடாது. கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்த வாரமே தொடங்கிவிட வேண்டும்.

படங்களுக்கு வருவோம். ஏரியின் வரத்துக் கால்வாயை மூடியிருக்கும் மண்மேட்டைக் காட்டும் படங்கள் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்தவை. அப்படி வரும்போது படம் சுருங்கி, எடுத்த இடமும் நேரமும் அழிந்துவிடும். கோப்பின் டிஜிட்டல் கைரேகையான ஹாஷ் மதிப்பும் மூலத்தோடு ஒத்துப்போகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழில் பகுதி ‘அ’, பகுதி ‘ஆ’ என இரண்டு உண்டு. ஒன்று கருவியைக் கையாண்டவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்ட விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல என்று பிரிவு 19 சொல்வது உண்மை. ஆனாலும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போகலாம் என்பதால் சான்றிதழை இப்போதே இணையுங்கள். படம் எடுத்தவரிடம் போய், அவர் போனிலிருந்து கேபிள் வழியாக மூலக் கோப்பை எடுத்து வர ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளை மட்டும் நாங்கள் வீண் என்று சொல்லமாட்டோம்.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதையும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். முதல் வரைவில் சுற்றுச்சூழல் அனுமதியோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனியாகத் தரும் அனுமதியான இசைவாணையையும் சேர்த்து எதிர்த்திருந்தோம். தீர்ப்பாயத்தின் நடைமுறை விதி 14-இன்படி ஒரு மேல்முறையீடு ஒரே வழக்கு மூலத்தின் மீதுதான், அதாவது வழக்குக்கு அடிப்படையான ஒரே காரணத்தின் மீதுதான், இருக்க வேண்டும். அதோடு, இசைவாணைக்கு நீர்ச் சட்டம், காற்றுச் சட்டத்தின் கீழ் மேல்முறையீட்டு ஆணையம் தனியாக இருக்கிறது. அதை முடித்த பிறகே தீர்ப்பாயம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2018 டிசம்பரில் ஆலையைத் திறக்கப் பசுமைத் தீர்ப்பாயம் தந்த உத்தரவை, 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதிகார வரம்பு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்ததை மறக்க முடியுமா? அங்கே தடுக்கி விழுந்தது ஆலைத் தரப்பு. நாளை நாமாகவும் இருக்கலாம். இசைவாணைப் பகுதியை வெட்டி எடுத்துத் தனியாக வைத்தோம்.

தாக்கல் கட்டணம் இழப்பீடு கேட்காததால் 1000 ரூபாய்தான். அதில் சிக்கல் இல்லை.

தாமத மன்னிப்பு மனுதான் எங்களைக் காப்பாற்றியது. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்ற வாசகத்தை வரைவிலிருந்து நீக்கிவிட்டு, 47 நாளுக்கும் ஒரு தேதி அட்டவணை போட்டோம். ஒவ்வொரு தேதிக்கு எதிரேயும் ஓர் ஆவணம்: தகவல் மனுவின் பதிவுத் தபால் ரசீது, திரும்பி வந்த உறையில் அஞ்சல் முத்திரை தெரியும் நகல், தீர்மான நகல், மொழிபெயர்ப்பாளரின் ரசீது. ஆவணம் இல்லாத நாளுக்குக் காரணம் புனையவில்லை. விளம்பரத்தில் நிபந்தனைகள் எதுவும் இல்லாததால் அது முழுமையான தெரிவிப்பு அல்ல என்பதை முதல் வாதமாகவும், அப்படியே முழுமை என்று கொண்டாலும் 17 நாள் தாமதத்துக்குக் காரணம் உண்டு என்பதை மாற்று வாதமாகவும் வைத்தோம். தாமதம் மன்னிக்கப்பட்டது.

இப்போது அனுமதிக்குப் பரிந்துரை செய்யும் மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பில் ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்று வந்த அன்றே கோப்பு திறக்கிறோம். அன்றிலிருந்து அந்த மாவட்டப் பதிப்பு நாளிதழ்கள் நான்கு தினமும் வாங்கி, விளம்பரப் பக்கங்களை ஒருவர் முழுக்கப் பார்க்கிறார். பரிவேஷ் பக்கத்தைத் தினமும் காலையில் தேதி தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமிக்கிறோம். கோப்பின் மேலட்டையில் மூன்று கட்டங்கள் வரைந்திருக்கிறோம்: தளம், நாளிதழ், ஊராட்சி. ஏதாவது ஒரு கட்டத்தில் தேதி விழுந்ததும், 20-வது நாளைச் சிவப்பு மையில் எழுதுகிறோம். வெளி வழக்கறிஞருக்கு வழக்கு ஆவணக் கட்டு போய்ச் சேர வேண்டிய நாள் அது.