எங்கள் டிசைன் கிளப் ஒரு கழிப்பறையைத் திருத்திய கதை

கல்லூரி டிசைன் கிளப் என்றால் பெரும்பாலும் போஸ்டர், லோகோ, கல்ச்சுரல்ஸ் மேடை அலங்காரம். எங்களுடையதும் அப்படித்தான் இருந்தது. நான் சிவில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, சமூகப் பிரச்சினை ஒன்றை எடுத்து முழுதாக முடிக்க வேண்டும் என்று சீனியர்கள் முடிவெடுத்தார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 2009-ல் பேராசிரியர் லிஸ் கெர்பரும் அவருடைய மாணவர்களும் தொடங்கிய 'டிசைன் ஃபார் அமெரிக்கா' என்ற மாணவர் அமைப்பைப் பற்றி ஒரு அண்ணா விவரமாகச் சொன்னார். நர்ஸ்கள் உடுப்பிலேயே கையைத் துடைத்துக்கொள்வதை மருத்துவமனையில் நின்று கவனித்த மாணவர்கள், அந்தப் பழக்கத்தையே வைத்து கை சுத்தம் செய்யும் கருவி ஒன்றை உருவாக்கினார்களாம். பிரச்சினை பக்கத்திலேயே இருக்க வேண்டும், போய்ப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் அவர்கள் வழி.

எங்கள் கூட்டத்தில் சென்சார் வைத்த குப்பைத்தொட்டி, சாப்பாடு வீணாவதைத் தடுக்க ஒரு ஆப் என்று யோசனைகள் வந்தன. யாருக்காகச் செய்கிறோமோ அவர் வாரா வாரம் வந்து 'இது சரி, இது வேண்டாம்' என்று சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எங்கள் துறையிலேயே இரண்டாம் ஆண்டில் ஒரு ஜூனியர் சக்கர நாற்காலியில் வருகிறாள். (அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) ராம்ப் கேட்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவள் சொன்னது இது: "ராம்ப் வேணும்தான் அக்கா. முதல்ல ஒரு நாள் முழுக்க என்கூட இருங்க, அப்புறம் பேசலாம்."

இருந்தேன். காலை எட்டரைக்கு வகுப்புக்கு வந்தவள் சாயங்காலம் ஹாஸ்டல் திரும்பும்வரை தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை. எங்கள் பிளாக்கில் அவள் நுழையக்கூடிய கழிப்பறை ஒன்றுகூட இல்லை. வாசலில் ஒரு படி, அதைத் தாண்டினால் இரண்டடிக் கதவு. அதனால் காலையிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுகிறாள். சிறுநீர்த் தொற்று வந்து விடுப்பு எடுத்ததைக்கூட சாதாரண ஜலதோஷம் போலச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே ராம்பைத் தள்ளிவைத்துவிட்டுக் கழிப்பறையை எடுத்துக்கொண்டோம்.

அளந்து பார்த்ததில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. கடைசி இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவர் பாரம் தாங்கும் சுவர் இல்லை. அதை எடுத்துவிட்டால் நாற்காலி முழுதாகத் திரும்பத் தேவையான 1500 மி.மீ. வட்டம் உள்ளே கிடைக்கும். குழாய் லைனையும் மாற்ற வேண்டாம், செலவு பாதியாகக் குறையும். வாசல் படி 15 செ.மீ. உயரம். உயரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் என்ற கணக்கில் 1.8 மீட்டர் சரிவு வேண்டும், வராண்டாச் சுவரை ஒட்டி அதற்கு இடம் இருந்தது. கதவு 900 மி.மீ., வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அடுத்தது. டிராயிங் ஹால் தரையில் சாக்பீஸால் முழு அளவில் அறையை வரைந்து, தெர்மாகோல் ஷீட்டுகளைச் சுவராக நிறுத்தி, சரியான உயரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டோம். அவள் நாற்காலியோடு வந்து உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். நாங்கள் காலியிடம் விட்டிருந்த பக்கத்திலிருந்து அவளால் மாறி உட்கார முடியவில்லை, அவளுக்கு வலது கைதான் பலம். எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பினோம். ஹெல்த் ஃபாசெட் முதுகுக்குப் பின்னால் இருந்தது, கைக்கெட்டும் இடத்துக்கு வந்தது. சின்னக் கொண்டிக்குப் பதில் முழங்கையாலும் தள்ளக்கூடிய பெரிய தாழ்ப்பாள். பை மாட்ட உட்கார்ந்தபடியே எட்டும் ஒரு கொக்கி. ஊன்றுகோலோடு வரும் எம்பிஏ மாணவி ஒருவரையும் கூப்பிட்டிருந்தோம். அவர் பார்த்ததும் தரையைத்தான் கேட்டார். ஈரத்தில் ஊன்றுகோல் வழுக்கினால் பிடிக்க எதுவும் இல்லை என்றார், சொரசொரப்பான டைல் என்று குறித்துக்கொண்டோம்.

அப்புறம் எஸ்டேட் ஆபீஸ். "ஒரு ஆளுக்காக இவ்வளவு வேலையாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 16-ஆம் பிரிவு கட்டடத்தையும் வளாகத்தையும் எல்லோரும் பயன்படுத்தும்படி வைக்கச் சொல்கிறது. 2022-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இதெல்லாம் வெறும் பரிந்துரையாக நின்றுவிடக் கூடாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மூன்றையும் அச்சடித்துக் கடிதத்தோடு இணைத்தோம். மரியாதை குறையாமல்தான் பேசினோம், ஆனால் கெஞ்சவில்லை. ஃபைலை நகர்த்தியது கடைசியில் எஸ்டிமேட்தான். எஸ்டிமேஷன் பாடம் எடுக்கும் மேடம் உட்கார்ந்து திருத்தித் தர, இடிப்பு, டைல், கதவு, பிளம்பிங் என்று ஆபீஸ் கேட்கும் வடிவத்திலேயே கொடுத்தோம். பணத்தில் ஒரு பகுதி முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து வந்தது. செமஸ்டர் லீவில் வேலை தொடங்கியது.

வேலை நடக்கும்போது கூடவே நிற்க வேண்டும், இதை எல்லா கிளப்புக்கும் சொல்வேன். கைப்பிடிக் கம்பியை நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரில் மாட்டத் துளை போடப் போனார்கள். முழு உடல் பாரமும் இழுத்தால் அந்தச் சுவர் தாங்காது. கொத்தனார் அண்ணனிடம் பேசி, ஒரு கம்பியை ஒன்பது இஞ்ச் வெளிச்சுவரிலும் இன்னொன்றைத் தரையில் ஊன்றியும் பொருத்தினோம்.

திறந்த சில வாரங்களில் உள்ளே துடைப்பமும் பக்கெட்டும் வந்து சேர்ந்தன. பல இடங்களில் இப்படித்தான் இந்தக் கழிப்பறைகள் ஸ்டோர் ரூம் ஆகிவிடுகின்றன. ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கேட்டபோது, "வேற எங்கம்மா வைக்கிறது? எங்களுக்குன்னு ஒரு இடம் இருக்கா?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். மாடிப்படிக்கு அடியில் கதவு போட்ட ஒரு அலமாரி செய்து கொடுத்தோம், அடுத்த நாளே அறை காலியானது. வெளிப்பூட்டு போட்டுச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கும் யோசனையும் வந்தது. சாவி கேட்டு அலைய வேண்டியிருந்தால் அவள் மறுபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள் என்று சொல்லி அதைத் தடுத்தோம்.

இப்போது அவள்தான் கிளப் செயலாளர். அடுத்து எடுத்திருப்பது இரண்டாவது மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் லேப். லிஃப்ட்டுக்குப் பணம் வரும்வரை அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்டு, எந்த அறை எந்த நேரத்தில் காலி என்று டைம்டேபிளில் குறித்து ஹெச்ஓடியிடம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்குத் தள்ளிவைத்த ராம்புக்கான எஸ்டிமேட்டும் எஸ்டேட் ஆபீஸில் இருக்கிறது.