முதல் நாவல் கைக்கு வந்துவிட்டது

நேற்று சாயங்காலம் பார்சல் வந்தது. இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிய என் காதல் கதை, 10 ஆசிரியர் பிரதிகளாக.

பதிப்பகம் ரொம்பச் சின்னது. சென்னையில் ஒரு மாடி அறை, நடத்துகிற அக்கா, கணினியில் பக்கம் வடிவமைக்கும் (டிடிபி) தம்பி, அவ்வளவுதான். மெய்ப்பு பார்ப்பதும் அந்த அக்காதான். நாயகன் முதன்முதலாகக் கையைப் பிடிக்கும் காட்சியை ஒரு பக்கத்துக்கு வர்ணித்திருந்தேன். மூன்று வரி விட்டுவிட்டு மீதியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் “அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அது போதும்மா” என்று எழுதியிருந்தார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஒப்பந்தத்தில் மட்டும் ஒரு தயக்கம். பதிப்பு உரிமை அவர்களுக்கு எத்தனை வருடம் என்றே போடவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் கொள்ள வேண்டும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று கேட்டேன். 3 வருடம், 10 சதவீத ராயல்டி, மின்னூல் உரிமை எனக்கே என்று முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார். புதிதாக எழுத வருகிறவர்களே, தயவுசெய்து கேளுங்கள். அப்புறம், புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இந்தியாவில் அதை இலவசமாகத்தான் தருகிறார்கள்.

அம்மா அட்டையில் என் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய காலண்டர் தாளில் அதற்கு அட்டை போட்டுவிட்டார். தெருமுனை வாடகை நூலகத்து அண்ணன் 2 பிரதி கேட்டிருக்கிறார். நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.