நெட் தேர்வில் பார்ட் சி எழுதுகிறவர்களுக்கு: பி53-க்கு ‘இரண்டு அடி’ கணக்கு போடாதீர்கள்

நெட் லைஃப் சயின்சஸ் ரிசல்ட் வந்துவிட்டது, பெரிய நிம்மதி. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் அடுத்த முறைக்குப் படிக்கும் தம்பி தங்கைகளே, புற்றுநோய்ப் பகுதியில் மார்க் கரைவது ஒரே இடத்தில்தான்: கட்டி அடக்கும் ஜீன் என்றாலே இரண்டு பிரதியும் போக வேண்டும் என்று டிக் அடிப்பது.

1971-ல் நட்சன் என்ற ஆய்வாளர் விழித்திரைப் புற்றை வைத்துச் சொன்ன இந்த ‘இரண்டு அடி’ கணக்கு, அந்தப் புற்றின் ஜீனான ஆர்பிக்குப் பொருந்தும். பி53-உம் கட்டி அடக்கும் ஜீன்தான், ஆனால் அதன் புரதம் நான்கு நான்காகச் சேர்ந்து வேலை செய்யும். சாமி பல்லக்குக்கு நாலு பேர் தோள் கொடுப்பது போல. ஒருவர் இடறினாலும் பல்லக்கு சாயும். ஒரு அலீலில் (ஜீனின் ஒரு பிரதியில்) மட்டும் மிஸ்சென்ஸ் மாற்றம் (புரதத்தில் ஒரு அமினோ அமிலம் மாறுவது), இரு வகைப் புரதமும் சம அளவு என்றால், நாலும் நல்லதாகச் சேருவது 16-ல் 1. மீதி 15-லும் கெட்டது கலந்திருக்கும். டெலிஷன் (அந்தப் பிரதியே அழிந்துபோவது) என்றால் கெட்ட புரதமே வராது, அளவு பாதியாகும், அவ்வளவுதான். கேள்வியில் இரண்டில் எது இருக்கிறது என்பதை முதலில் ரஃப் தாளில் குறியுங்கள்.

ஆர்பி நம் வாய்க்கால் மதகுப் பலகை. செல் பிரிவுக்கான ஜீன்களை இயக்கும் இ2எஃப் புரதத்தைத் தேக்கி வைக்கும். சைக்ளின் டி–சிடிகே4/6 என்ற நொதிக் கூட்டு ஆர்பி மேல் பாஸ்பேட் ஏற்றினால் பலகை தூக்கும், செல் எஸ் கட்டத்துக்கு (டிஎன்ஏ நகலெடுக்கும் கட்டம்) பாயும். பலகையே இல்லாத செல்லில் தூக்குகிற ஆளைத் தடுத்து என்ன பயன்? சிடிகே4/6-ஐத் தடுக்கும் மருந்தான பால்போசிக்ளிப் அங்கே வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஆர்பி போனால் செல் பெருகிக்கொண்டே போகும் என்று நிறுத்திவிடாதீர்கள். கட்டவிழ்ந்த இ2எஃப்1 (இ2எஃப் வகைகளில் ஒன்று), ஏஆர்எஃப் என்ற புரதத்தைக் கூட்டும், அது பி53-ஐச் சிதைக்க வைக்கும் எம்டிஎம்2-ஐ அடக்கும், பி53 நிமிரும், செல் சாகும். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் தன் இ7 புரதத்தை வைத்து ஆர்பியை முடக்குவதோடு நிற்காமல், இ6 புரதத்தை வைத்து பி53-ஐயும் அழிப்பது இதனால்தான். இந்தச் சங்கிலியைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள், வந்தால்தான் படித்த கணக்கு.

மற்றவை சுருக்கமாக:
- பி21 (பி53 கூட்டும், செல் பிரிவை நிறுத்தும் புரதம்) மட்டும் போனால்: ஜி1 நிறுத்தம் (எஸ் கட்டத்துக்கு முன் நிற்பது) தளரும், அப்போப்டோசிஸ் (செல் தானே சாவது) வழி இருக்கும்.
- பூமா (பி53 கூட்டும், செல்லைச் சாகடிக்கும் புரதம்) மட்டும் போனால்: நிறுத்தம் இருக்கும், சாவு குறையும்.
- பி53 போனால்: இரண்டும் போகும். எம்டிஎம்2-ஐத் தடுத்து பி53-ஐ நிமிர்த்தும் நட்லின் மருந்து கொடுத்தும் பயனில்லை.
- பிடென் (இன்னொரு கட்டி அடக்கும் ஜீன்) போனால்: பிஐபி3 என்ற சமிக்ஞைக் கொழுப்பு தேங்கும், அது தூண்டும் ஏகேடி நொதி ஓயாது, வளர்ச்சியும் கூடும், சாவும் தள்ளிப்போகும்.

வெஸ்டர்ன் பிளாட் (புரத அளவைப் பட்டையாகக் காட்டும் சோதனை) படம் வந்தால் அவசரம் வேண்டாம். பி53 பட்டை தடிமனாக இருந்தால் பி53 நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மாறிய பி53 பல நேரம் சிதையாமல் குவியும். கதிர்வீச்சுக்குப் பின் பி21 பட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடையைத் தொடுங்கள்.