அந்தப் பையன் யாரு?

மூன்று வருடம் முன்னால் ஒரு சிறுபத்திரிகையில் என் கதை வந்தபோது வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எப்படியோ சித்தி மகன் கண்ணில் பட்டுவிட்டது. அவன் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்ப, சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டாள். "எல்லாத்தையும் அப்படியே எழுதிருக்கியே. அடகுக்கடை, மஞ்சப்பை, உனக்கு வாங்கிக் குடுத்த பன்னீர் சோடாவைக் கூட விடலை" என்றாள். குரலில் கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, அதுல ஒரு பையன் வர்றானே, அவன் யாரு?" என்று கேட்டாள்.

நான் ஏழாவது படிக்கும்போது சித்தி தன் தம்பியின் படிப்புக்காக இரண்டு வளையல்களை வீட்டுக்குத் தெரியாமல் அடகு வைத்தாள். துணைக்கு என்னைக் கூட்டிப் போனாள். கடைக்காரர் வளையலை உரைகல்லில் தேய்த்துப் பார்த்ததும், சித்தி ரசீதை நான்காக மடித்து மணிபர்ஸின் உள்ளறையில் வைத்ததும், வளையல் கழற்றிய இடத்தில் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்ததும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வெளியே வந்து சோடா வாங்கிக் கொடுத்து, யாரிடமும் சொல்லாதே என்றாள். இரண்டே நாளில் பாட்டியிடம் சொல்லிவிட்டேன். பெரிய சண்டை. சித்தி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வர இரண்டு மாதம் ஆனது.

கதையில் இத்தனையும் இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் மாற்றியிருந்தேன். பாட்டியிடம் போய்ச் சொல்வது பக்கத்து வீட்டுப் பையன். கதை சொல்கிற "நான்" ஓரமாக நின்று எல்லாவற்றையும் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்.

சித்தி கேட்டதற்கு, "அது சும்மா கதைக்காக" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுதும்போது அது உத்தி என்றே நம்பியிருந்தேன். ஒரு வெளியாள் வழியாக ரகசியம் உடைந்தால் கதைக்கு இறுக்கம் கூடும் என்று நோட்டில் குறிப்புகூட எழுதி வைத்திருக்கிறேன்.

அதிலிருந்து சொந்த வாழ்க்கை கலந்த நாவல்களைப் படிக்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. இதில் எத்தனை நிஜம், எத்தனை கற்பனை என்ற கணக்கில் முன்பு இருந்த ஆர்வம் போய்விட்டது. எங்கே மாற்றியிருக்கிறார், அந்த மாற்றத்தால் யாருக்கு லாபம் என்றுதான் இப்போது பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தபோது என்னை உலுக்கியது அசோகமித்திரனின் "18வது அட்சக்கோடு". 1977இல் வந்த நாவல். (பிரான்சில் எழுத்தாளர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி, சொந்த வாழ்க்கையைப் புனைவாக்கிய தன் நாவலின் வகைக்கு "ஆட்டோஃபிக்‌ஷன்" என்று பெயர் வைத்ததும் அதே 1977தான். அந்தச் சொல்லை வைத்து இன்று பெரிய பெரிய கருத்தரங்குகள் நடக்கின்றன.) அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நாவலின் சந்திரசேகரனும் செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் வளரும் தமிழ்ப் பையன்தான். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு என்று போய்க்கொண்டிருக்கும் அவன் நாட்களுக்குள் நிஜாம் ஆட்சிக்கு ஆதரவான ஆயுதக் குழுவான ரஜாக்கர்கள் வருகிறார்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைகிறது. நாவல் சில இடங்களில் "நான்" என்று போகும், சில இடங்களில் "சந்திரசேகரன்" என்று அவனை வெளியிலிருந்து பார்க்கும். முதல் முறை படித்தபோது இந்தத் தாவல் எனக்குப் பிடிபடவில்லை. இப்போது படித்தால், ஒரு மனிதன் தன் பதினாறு வயதுப் பையனை உள்ளே போயும் வெளியே நின்றும் விசாரிப்பது போல இருக்கிறது.

அதன் முடிவைப் படித்தவர்கள் மறக்க முடியாது. கலவரத்தில் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய்விடுகிறான். அவர்களை ஏதாவது செய்யும் எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை. ஆனால் பயந்துபோன அந்தக் குடும்பத்திலிருந்து ஒல்லியான ஒரு பெண், மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக, அவன் முன்னால் தன் ஆடையைக் களைகிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். அது நடந்ததா என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. தன் சாயல் கொண்ட பையனை, அந்தப் பெண்ணின் கண்ணுக்கு ஒரு கொடியவனாகத் தெரியும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். அவனை ஒரு நல்ல சாட்சியாக மட்டும் வைத்து நாவலை முடித்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி அவர் செய்யவில்லை. நான் பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டுவந்த இடத்தில் அவர் தன்னையே கொண்டுவந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

தன் ஊர் தலித் வாழ்க்கையை எழுதிய பாமாவின் "கருக்கு" (1992) வேறு மாதிரி. தன்வரலாறு என்பார்கள், நாவல் என்பார்கள், இரண்டுக்கும் ஆதாரம் காட்டலாம். பேச்சுத்தமிழில் கொட்டித் தீர்க்கிற அந்தப் புத்தகத்தில் "நான்" உண்டு, அந்த நானுக்குப் பெயர் கிடையாது. ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பெயரா வேண்டும்? புத்தகம் வந்ததும் கோபப்பட்டார்கள், சில மாதங்கள் பாமா ஊருக்குள் போக முடியவில்லை. வகைமை என்ன என்று விமர்சகர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு ஊர் வாசல் அடைத்திருந்தது. எழுதப்பட்டவர்களின் பக்கம் நின்றும் அந்தக் கோபத்தை யோசிக்க வேண்டும். அவர்கள் யாரும் தங்களை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை.

இந்த வரிசையில் ஈழத் தமிழ் எழுத்தாளர் ஷோபாசக்தியின் "கொரில்லா"வைச் சொல்லாமல் விட முடியாது. 2001இல் வந்த அந்த நாவல், பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்கும் ஒருவரின் மனுவோடு தொடங்குகிறது. மனுதாரர் பெயர் அந்தோனிதாசன். ஷோபாசக்தியின் இயற்பெயரும் அந்தோனிதாசன்தான். அந்த மனுவை வாசிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பட்டதை எல்லாம் தேதி போட்டு, வரிசைப்படுத்தி, ஒரு அதிகாரி நம்பும்படி எழுத வேண்டும். நம்பவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையாகவே இருந்தாலும் அதைக் கதை போலக் கட்டித்தான் ஆகவேண்டும். சந்தேகம் விழுகிற அந்தக் காகிதத்தில்தான் அவர் தன் பெயரை வைத்தார். வேறு பெயர் போட்டிருந்தால் எவ்வளவு நிம்மதி!

சரி, என் கதைக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தியிடம் சொன்னேன், அந்தப் பையன் நான்தான் என்று. அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "பின்ன, வேற யாரு சொல்லிருப்பா" என்றாள், கையை நிறுத்தாமல். கதையை மறுபடி எழுதப் போகிறேன், தொகுப்பில் அப்படித்தான் வரும் என்றேன். எழுது என்றாள். அப்புறம் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் செய். தம்பி படிப்புக்குன்னு போடாதே. அவன் பிள்ளைங்க படிக்கும். வேற ஏதாவது காரணம் போட்டுக்கோ" என்றாள்.

இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். பையன் போய்விட்டான். பாட்டியிடம் சொல்வது நான்தான், "நான்" என்றே எழுதியிருக்கிறேன். வளையல் அடகுக்குப் போனது சித்தியின் அம்மாவுடைய கண் ஆபரேஷனுக்காக.