பீட் வரிசை

போன ஆவணியில் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்பினால் எதிரே அவர் நிற்கிறார். பதினோரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து தபால் பிரித்தவர். "இன்னாண்ணே, அடையாளம் தெரியுதா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

தெரியாமலா? அவர் சைக்கிளில் இடது பெடல் உடைந்து வெறும் கம்பிதான் இருக்கும். டீயில் சர்க்கரை போட்டிருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மாமனார் ஊர் பேரணாம்பட்டு, பின்கோடு 635810. எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, பேர் மட்டும் வரவில்லை. பிள்ளைகள், பேரப் பிள்ளைகள், பென்ஷன், முட்டி வலி என்று பொதுவாகவே கால் மணி நேரம் ஓட்டினேன். அதற்குள் என் மனைவி வந்து "யாருங்க இவங்க?" என்று கேட்டுவிட்டாள். "நம்ம ஆபீஸ்" என்றேன். அவரும் சிரித்தார். புரிந்துகொண்டு சிரித்தாரா என்று இன்னும் சந்தேகம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அ, ஆ என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்த்தேன். 'ச'வில் ஏதோ நெருடியது. வேலூர் வந்து சேரும்வரை 'ச'வையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் பேர் 'ச'வே இல்லை என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1983-ல் தபால்காரனாகச் சேர்ந்தேன், 2019-ல் ஓய்வு. இடையில் எல்லாம் வேலூர்தான். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை, ஒரு தப்பை வேறு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தபால்காரன் வேலை என்றால் சைக்கிளில் சுற்றுவது என்று வெளியில் நினைப்பார்கள். பாதி வேலை ஆபீஸிலேயே முடிந்துவிடும். காலையில் பைகள் வந்ததும் முத்திரையைப் பார்த்து, சணலை அறுத்து, மேசையில் கொட்டுவோம். முதல் வேலை முகம் திருப்புவது. ஸ்டாம்பு எல்லாம் வலது மேல் மூலையில் வரும்படி கடிதங்களை ஒரே பக்கமாகத் திருப்பி, கட்டை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் ஓரம் சேர்ந்துவிடும். அப்புறம் பீட் பீட்டாகப் பிரிப்பது; பீட் என்றால் ஒரு தபால்காரன் தினமும் சுற்றுகிற தெருக்கள். கடைசியாக அவனவன் பீட்டுத் தபாலை அவனவன் நடக்கிற வரிசையில் அடுக்கிக்கொள்வது. தெருவின் இடது பக்கமாக மேலே போய் வலது பக்கமாக இறங்கி வருகிறவன் என்றால் கட்டும் அப்படியே இருக்க வேண்டும். சரியாக அடுக்கியவனுக்கு எந்த வாசலில் நிற்கிறானோ அந்த வாசலின் கடிதம்தான் கட்டின் மேலே இருக்கும். தப்பாக அடுக்கியவன் சித்திரை வெயிலில் ஒரே தெருவில் நாலு தடவை நடப்பான். வேலூர் வெயிலில் அதைவிடத் தண்டனை வேண்டாம்.

கொசப்பேட்டை, சலவன்பேட்டைப் பக்கம் என் முதல் பீட். முதல் வாரம் நானூறு வீட்டையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். எனக்கு வேலை பழக்கிய பெரியவர் நோட்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "வூட்ட ஞாபகம் வைக்காதடா, நடைய ஞாபகம் வை. வூடு தானா வரும்" என்றார். அப்படித்தான் வந்தது. கதவு எண் எழுதுகிறவர்கள் அப்போது குறைவு. மாவு மில் எதிரில், பிள்ளையார் கோயில் பின்னால், மாடி என்று இருக்கும். எண் எழுதினாலும் அது பழைய எண்ணா புதிய எண்ணா என்று தெரியாது. காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களில் ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கியிருக்கும் வங்காளக்காரர்களுக்குக் கல்கத்தாவிலிருந்து மணியார்டர் வரும். அந்த பீட் பார்த்தவர்களுக்கு ரெண்டு மூணு வங்காள எழுத்துகூடப் பழகியிருந்தது.

முகவரியைப் பார்த்தே எழுதியவர் வயதைச் சொல்லிவிடலாம். வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்தும் 'வ.ஆ. மாவட்டம்' என்று நடுங்கும் கையெழுத்தில் கார்டு வரும். நான் ஓய்வு பெற்ற 2019-ல் வேலூரும் மூன்றாக உடைந்தது. ராணிப்பேட்டை மாவட்டம் என்று எழுத எனக்கே இன்னும் கை வருவதில்லை. சாமி இல்லாத கோயில் என்று கோட்டைக் கோயிலைச் சொல்வார்களே, ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே உள்ளே வந்துவிட்டார். எங்கள் தெருக் கிழவர்கள் இன்றும் அந்தப் பழைய சொலவடையைத்தான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அதே கோயிலுக்குப் பிரதோஷத்துக்கும் போகிறார்கள்.

இனி அந்தத் தப்பு. 2016, எனக்கு 57 வயது. சலவன்பேட்டையில் ஒரு அம்மா, மகள் வீட்டு விஷயமாக இன்சூரன்ஸ் கடிதம் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். "கதவு சந்துல போட்டுடாத தம்பி, போன தடவ ஆடு தின்னுடுச்சு, கையில கொடு" என்று சொல்லிவைத்திருந்தார். கடிதம் வந்த அன்று வீடு பூட்டியிருந்தது. ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார், அரை மணியில் வந்துவிடுவார் என்றார்கள் பக்கத்து வீட்டில். திரும்பி வரும்போது கொடுக்கலாம் என்று, மறக்கக் கூடாது என்பதற்காகவே கடிதத்தைப் பையில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்தேன்.

திரும்பும்போது வெயில் தாங்கவில்லை. நிழலுக்காக வழக்கமான வழியை விட்டுப் பின் சந்து வழியாக வந்துவிட்டேன். அந்த வாசல் எதிரே வரவில்லை, கடிதமும் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் சாயங்காலம் பக்கெட்டில் ஊறிய சட்டையிலிருந்து என் மனைவி எடுத்துக் கொடுத்தது ஒரு கூழ். பதிவுத் தபாலாக இருந்தால் அன்றைக்கே கணக்கில் இடித்திருக்கும். சாதாரணத் தபாலுக்குக் கணக்கு என் மண்டைதான். நானே போய்ச் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை, ஆபீஸுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மெமோ. ஞாபகத்துக்குத் தருகிற தாளுக்குத்தான் மெமோ என்று பேராம், எங்கள் யூனியன்காரர் ஆறுதலுக்கு இதைத்தான் சொன்னார்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். என் அப்பாவின் அண்ணன் கடைசிக் காலத்தில் சாப்பிட்டதை மறந்து மறுபடி இலைக்கு உட்கார்வார். அந்த வழிதானோ என்று ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். மூன்று சொல்லைச் சொல்லி, ஐந்து நிமிஷம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். இன்று என்ன தேதி என்றார். தினமும் காலையில் தேதி முத்திரை மாற்றுவதைப் பார்த்து வாழ்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் கணியம்பாடிப் பக்கம் இருந்த என் அத்தையை இதே நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் தேதியில் தோற்றிருப்பாள். எந்த மாடு எப்போது கன்று போட்டது என்று கேட்டால்தான் ஜெயிப்பாள். இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். உலகத்தில் மறதி நோய்க்காரர்களில் நூற்றுக்கு 66 பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள், ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துகூட அவர்களைப் பற்றி இல்லை என்று 10/66 என்றே பேர் வைத்துக்கொண்டு ஒரு குழு இயங்கியதாம். வேலூர்ச் சுற்றுவட்டக் கிராமங்களிலும் அவர்கள் ஆய்வு நடந்திருக்கிறது. பள்ளிக்கூடம் போகாதவர்களைப் பரீட்சைக் கேள்வியால் நோயாளி ஆக்கிவிடாமல் சோதிப்பது எப்படி என்பது அவர்கள் பார்த்த முக்கியமான வேலை.

என் ரத்தத்தில் பி12 குறைவாக இருந்தது. சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவது உண்டாம், குறைந்தால் ஞாபகமும் தடுமாறும். தைராய்டு, தூக்கம், காது எல்லாவற்றையும் விசாரித்தார். காது சரியாகக் கேட்காதவன் பாதியைத்தான் வாங்குகிறான், வாங்காததை எப்படித் திருப்பித் தருவான் என்றார். "கடிதத்த எங்க வெச்சோம்னு தேடினா வயசுன்னு விடுங்க. கையில வெச்சிக்கிட்டே இத இன்னா பண்றதுன்னு நின்னா அப்ப வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு இந்த விஷயத்தில் எது கண்ணில் பட்டாலும் படித்தேன். ஒருவர் ரைஸ் மில் வைத்திருக்கிறார் என்றால் தவிட்டு வாசனை, பெல்ட் சத்தம், மூட்டை என்று பத்து இடத்தில் மாட்டிக்கொள்ளும். அவர் பேர் எதிலும் மாட்டாமல் தனியாகத் தொங்குகிறது. வயதானால் முதலில் வழுக்குவது அதனால்தான் பேர். நாக்கு நுனிவரை வந்து நிற்பதும் வயதோடு கூடுகிற சங்கதி. சொற்களும் அவற்றின் பொருளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும், போன வாரம் நடந்ததும் இனிமேல் செய்ய வேண்டியதும்தான் நழுவும். 2000-ல் லண்டன் டாக்சி ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். நினைவுகளைப் பதியவைக்கிற ஹிப்போகேம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. தபால்காரர்களையும் எடுத்துப் பார்த்திருக்கலாம். எங்களை யார் கேட்கிறார்கள்.

குடியாத்தம் கல்யாணம் முடிந்த நான்காம் நாள், பி12 மாத்திரை வாங்கக் கொசப்பேட்டைக்குப் போனேன். நாங்கள் டீ குடிக்கிற கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை. முன்னால் அதே சாக்கடைக் கல். அதன் மேல் கால் வைத்ததும் பேர் வந்தது, இனிஷியலோடு. டீ மாஸ்டர் கத்துகிற குரலில் வந்தது: "யோவ், உனக்குச் சர்க்கரை இல்லாம போட்டாச்சு!" என்று சொல்லிப் பின்னால் பேரையும் சேர்ப்பார். இங்கே எழுத மாட்டேன். அவர் பேத்தி படித்துக் காட்டிவிடுவாள், கல்யாணத்தில் மறந்தது அவருக்கு உறுதியாகிவிடும்.

இந்தத் தை மாசம் எனக்கு வேலை பழக்கிய பெரியவரைப் பார்க்க அரியூர் போயிருந்தேன். எண்பது தாண்டிவிட்டார். அவருக்கு வந்திருப்பது வயசு மறதி இல்லை, நோயேதான். மூன்று வருஷமாகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "இன்னாப்பா லேட்டு? மெயில் வந்துடுச்சா?" என்றார். என்னை இறந்துபோன தன் தம்பி என்று நினைக்கிறாராம், உள்ளேயிருந்து அண்ணி சொன்னார். நேற்றுப் பேரன் வந்தது தெரியாது. 1978-ல் எந்தப் போஸ்ட்மாஸ்டர் லீவு தர மறுத்தார் என்பது தெரியும். புதியது முதலில் போகும், பழையது கடைசிவரை நிற்கும் என்று பிரான்சில் ரிபோ என்பவர் 1881-லேயே எழுதிவைத்திருக்கிறார்.

அதே பேரனுக்குத்தான் கல்யாணம். மகன் பத்திரிகைகளுக்கு விலாசம் எழுதிக் கட்டில் மேல் குவித்து வைத்திருந்தார். பேச்சு வாக்கில் நான் கவனிக்கவில்லை. பெரியவர் ஒரு கைப்பிடி எடுத்துத் தொடையில் இரண்டு தட்டு தட்டினார். தலைகீழாக இருந்த இரண்டைத் திருப்பினார். அப்புறம் பாயில் போட ஆரம்பித்தார். மகன் தடுக்கப் போனதை நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அந்த டாக்டர் ஹென்றி மொலைசன் என்று ஒரு அமெரிக்கரைப் பற்றிச் சொல்லியிருந்தார். வலிப்புக்காக 1953-ல் மூளையில் அறுவை செய்த பிறகு அவருக்குப் புதிதாக எதுவுமே நினைவில் தங்கவில்லை. ஆனாலும் கண்ணாடியில் பார்த்துப் படம் வரைகிற வித்தையை நாளுக்கு நாள் திருத்தமாகச் செய்தார், ஒவ்வொரு நாளும் இதுதான் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே. கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடம்.

பெரியவர் கை வேகமாகப் போகவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. மாவு மில் தெரு, அடுத்தது கோயில் சந்து, அப்புறம் வலது பக்கம் இறக்கம். நானும் மனதுக்குள் கூடவே நடந்தேன். ஒரு இடத்தில்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு உறை மட்டும் கையிலேயே நின்றது. கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். சத்துவாச்சாரி விலாசம். அதைத் தனியாக என் பக்கம் தள்ளினார்.

"இது நம்ம பீட்டு இல்லப்பா. மிஸ்சென்ட். திருப்பி அனுப்பிடு."